அப்பா சேர்த்து வைத்த விறகு

நம்ம வயசு ஆட்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். விறகைத் தட்டிப் பார்த்து, தூக்கிப் பார்த்து, முகர்ந்து பார்த்து வாங்கியவர்கள் நாம். பேரப்பிள்ளைகளிடம் ஈர விறகைப் பற்றிப் பேச்செடுத்தால், "ஈரமா இருந்தா வெயில்ல வெச்சா போச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அடுப்பு ஊதி ஊதிக் கண் சிவந்து, மூக்கால் தண்ணீர் வடித்தவளுக்கல்லவா தெரியும்! ஈரம் என்ன லேசுப்பட்ட சங்கதியா? மரத்தை வெட்டிப் போட்ட பிறகும் உள்ளே உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும். போய்விட்டது என்று நாம் நிம்மதியாக இருக்கும்போது திரும்பி வரும். அப்படித் திரும்பி வந்த ஈரத்தை என் கண்ணால் பார்த்தவள் நான். அறுபது தாண்டியும் அதை நினைத்தால் எனக்கு மெய் சிலிர்க்கிறது, பொய் சொல்லவில்லை.

எழுபதுகளின் பின்பகுதி. ஆம்பூரில் எங்கள் வீடு ஒரு தோல் ஷாப்புக்குப் பின்னால் இருந்தது. தோல் பதனிடும் இடத்தை நாங்கள் ஷாப்பு என்போம். அங்கே உப்புக் கிடங்குக்கு அப்பாதான் மேஸ்திரி. பச்சைத் தோல் லாரியில் வந்து இறங்கும். அழுகிப்போகாமல் இருக்க அதற்கு உப்பு தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பார்கள். காலம் முழுக்க அப்பாவுக்கு அதுதான் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவருடைய காக்கிச் சட்டையின் முதுகில் வெள்ளை வெள்ளையாக வரி ஓடியிருக்கும். வேர்வை காய்ந்த உப்பு எது, கிடங்கு உப்பு எதுவென்று யார் கண்டது? அக்காதான் ஈரத் துணியால் அவர் முதுகைத் துடைத்துவிடுவாள். அம்மாவுக்கு அதே ஷாப்பில் பட்டைக் களத்தில் வேலை. வண்டியில் வந்து இறங்கும் வேலங்கட்டையிலிருந்து பட்டையை உரித்துத் தரவேண்டும். பட்டை தோல் ஊறும் தொட்டிக்குப் போகும், உரித்த கட்டை களத்து மூலையில் கிடக்கும். வந்தவர்கள் எங்கள் தெருவில் நுழைந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு அந்த நாற்றம் தெரியவே தெரியாது. ஊரை விட்டு வெளியே போனால்தான் என்னவோ குறைகிறதே என்று தோன்றும்.

அப்பாவுக்கு ஒரு பழைய காயம் இருந்தது. அவர் கல்யாணத்தில் விறகு வாங்கிப் போட்டது அவரே. மாப்பிள்ளை, வாலிபம், வேகம். கண்ணுக்கு அழகாக, வழவழவென்று இருந்த கட்டையாகப் பார்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அது வெட்டி நாலு வாரம்கூட ஆகாத பச்சை மரம். அடுப்பில் வைத்ததும் கட்டையின் முனையில் நுரை தள்ளி, சீறி, புகைந்து, பந்தலே தெரியாத அளவுக்கு மூடிவிட்டதாம். பிரியாணி மேலே அரிசி, கீழே கூழ், உள்ளே எல்லாம் புகை. சர்ச்சிலிருந்து வந்த சனம் இருமிக்கொண்டே சாப்பிட்டுவிட்டு இருமிக்கொண்டே போனது.

அதை எங்கள் தாய்மாமன் விடுவாரா? அம்மாவின் அண்ணன். எப்போது எங்கள் வீட்டுக்கு வந்தாலும் வாசலில் நின்று முதலில் லொக்கு லொக்கு என்று இருமுவார். "இன்னா மச்சான், அடுப்பு பத்த வெச்சிட்டியா?" என்பார். எல்லோரும் சிரிப்போம். அப்பாவும் சிரிப்பார், ஆனால் வாய் மட்டும் சிரிக்கும். எத்தனை வருஷம்! அக்கா பிறந்து, நான் பிறந்து, அக்கா பெரிய மனுஷியாகி, அப்புறமும் அந்த இருமல் நிற்கவில்லை. அக்காவைப் பார்த்து அப்பா அடிக்கடி ஒன்று சொல்வார்.

"உன் கல்யாணத்துல ஒருத்தன் இரும்பக் கூடாதும்மா. அதுக்கு மேல கர்த்தர் எனக்கு ஒண்ணும் செய்ய வாணாம்."

அந்தச் சமயத்தில்தான் ஷாப்பில் உப்புக் கிடங்கை இடித்துச் சிமெண்டுத் தரை போட்டார்கள். அதுவரை தோல் அடுக்க மரப் பலகையில் மேடை கட்டியிருந்தார்கள். முதலாளியின் அப்பா காலத்து மேடை. கைவிரல் பருமனுக்கு மேல் தடித்த பலகைகள், என்ன மரமென்று யாருக்கும் தெரியாது. வேண்டுமென்றால் எடுத்துக்கொள் என்று முதலாளி சொன்னதும் அப்பா ஒன்று விடாமல் தலைச்சுமையாகக் கொண்டுவந்து, சமையலறைப் பரண் மேல் அடுக்கிவிட்டார். ஊரில் பெண்ணைப் பெற்றவர்கள் அண்டா சேர்ப்பார்கள், குத்துவிளக்கு சேர்ப்பார்கள். எங்கள் அப்பா விறகு சேர்த்தார்.

"ஆம்பூர்லயே இத்தினி காஞ்ச மரம் எவன்கிட்ட இருக்குது? செத்து முப்பது நாப்பது வருசம் ஆன மரம். இதுல ஏது ஈரம்?" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார்.

எனக்கும் தெருப் பிள்ளைகளுக்கும் அந்தப் பலகையில் வேறொரு உபயோகம் இருந்தது. புளியம்பிஞ்சு கிடைத்தால் பரணில் ஏறி, பலகையில் அழுத்தித் தேய்த்துவிட்டு வாயில் போட்டுக்கொள்வோம். உப்பும் புளிப்புமாக அப்படி இருக்கும்! ஒரு நாள் அம்மா பார்த்துவிட்டு விளக்குமாற்றை எடுத்தாள். "அது தோல் உப்புடி சனியனே! எந்த மாடோ எந்த ஆடோ, அத்தப் போய் நக்கினு உக்காந்துகிறீங்களே!" என்று தெருக்கோடி வரை விரட்டினாள். அந்தப் பலகை உப்புக் கரிக்கும் என்பது எங்கள் தெருவில் பால் குடிக்கிற பிள்ளை தவிர எல்லோருக்கும் தெரியும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மழைக்காலம் வந்தால் எங்கள் சமையலறை ஒழுகும். பரணிலிருந்து சொட்டு சொட்டாக விழும். அப்பா ஓட்டின் மேல் ஏறி, உடைந்தது உடையாதது எல்லாவற்றையும் மாற்றிவிட்டு இறங்குவார். மறுநாளும் சொட்டும். மறுபடி ஏறுவார். "வேற ஆள கூப்டுங்க, உங்க கைக்கு ஓடு அடங்காது" என்பாள் அம்மா. சொட்டிய இடம் காய்ந்ததும் தரையில் வெள்ளையாகப் பூத்திருக்கும். அதைச் சாணி போட்டு மெழுகுவாளே தவிர, மழைத்தண்ணி காய்ந்தால் வெள்ளையாகவா பூக்கும் என்று அவளும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்குப் பார்த்தவர்கள் எல்லாம் கண்ணிருந்தும் குருடர்கள்தான்.

அக்காவுக்கு மாப்பிள்ளை கணியம்பாடிப் பக்கம். நிலபுலம் கொஞ்சம், பட்டாளத்தில் வேலை. வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். சித்திரை வெயிலில் அப்பா பண்டாரியை வீட்டுக்கு அழைத்து வந்தார். பண்டாரி என்றால் கல்யாண பிரியாணி போடுகிற பாய். ஒல்லியான மனுஷர், தோளில் எப்போதும் ஒரு சிவப்புத் துண்டு. கரண்டி பிடிக்காத நேரத்திலும் விரலைக் குவித்து எதையோ ருசி பார்ப்பதுபோல் வைத்திருப்பார். பரணிலிருந்து இரண்டு பலகையை இறக்கி ஒன்றோடொன்று தட்டினார். ணங்கென்று சத்தம் வந்தது, சர்ச் மணியின் குட்டி மாதிரி. முனையை ரம்பத்தால் கொஞ்சம் அறுக்கச் சொல்லி, அறுத்த முகத்தைக் கன்னத்தில் ஒட்டிக் கண்ணை மூடினார்.

"ஈரமிருந்தா கன்னம் சில்லுனு ஆவும். இது இன்னா, என் பீவி கை மாதிரி கதகதன்னு கீது," என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். "மேஸ்திரி, இது வெறகு இல்ல, வெண்ண. நெருப்ப காட்டினா போதும்."

அப்பாவின் முகத்தை அன்றைக்குப் பார்க்கவேண்டுமே! தாய்மாமனுக்கு ஆள் விட்டு இதைச் சொல்லியனுப்பினார் என்றால் பாருங்கள். பண்டாரி பொய் சொல்லவில்லை. அந்தச் சித்திரையில் அந்தப் பலகை அப்படித்தான் இருந்தது.

வைகாசி பிறப்பதற்குள் தந்தி வந்தது. மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. லீவு கிடைத்தது ஐப்பசியில்.

அந்த ஐப்பசி மழையை நம்மில் யார் மறந்திருப்போம்? பாலாறு என்றால் மணல் என்று நினைத்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். ஆற்றில் தண்ணீர் வருகிறது என்று யாரோ கத்த, தெருவே ஓடியது. கரைக்குக் கரை பழுப்பு நிறத்தில் ஓடியது பாருங்கள், சத்தமே பயமாக இருந்தது. விரிஞ்சிபுரத்திலிருந்து வரவேண்டிய சொந்தக்காரர்கள் வருவார்களா மாட்டார்களா என்ற கவலை வேறு. விறகுக் கடைகள் எல்லாம் நனைந்து, கட்டை கட்டையாகத் தண்ணீரில் மிதந்தன. கல்யாணம் வைத்திருந்தவர்கள் எல்லாம் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். எங்கள் அப்பா மட்டும் கைகட்டி நின்று மழையை வேடிக்கை பார்த்தார்.

"பேயட்டும், நல்லா பேயட்டும். என் வெறகு பரண் மேல கீது," என்றார்.

கல்யாணத்தன்று பொழுது விடிந்தும் விடியாமலும் பண்டாரி ஆட்களோடு வந்துவிட்டார். வீட்டின் பின்புறம் தகரப் பந்தல். தேக்சா என்கிற பெரிய செம்புப் பாத்திரங்களை இறக்கி, கல்லடுப்பு கூட்டினார்கள். தயிரிலும் காய்ந்த மிளகாய் விழுதிலும் கறி ஊறிக்கொண்டிருந்தது. சீரகச் சம்பாவைக் களைந்து ஊற வைத்தார்கள். அடுப்பு பற்றவைக்கிற நேரத்தைக் கணக்குப் போட்டுத்தான் அரிசியை ஊறப்போடுவது. அதற்கு மேல் ஊறினால் அரிசி தொட்டால் ஒடியும், பொங்கல் மாதிரி குழையும்.

அப்பா பலகைகளை ஒவ்வொன்றாகப் பரணிலிருந்து இறக்கினார். வாங்கிக் கீழே வைத்தது நான்தான். முதல் பலகையைத் தொட்டதும் கை நழுவியது.

"அப்பா, நனைஞ்சிருக்குது."

"ஓடு ஒழுகியிருக்கும். துணி எடுத்து தொட."

துடைத்தேன். பழைய வேட்டியால் அழுத்தித் துடைத்தேன். மரம் கறுப்பாக, சுத்தமாக இருந்தது. அடுத்ததைத் துடைத்துவிட்டுத் திரும்பினால் முதல் பலகையில் மறுபடி சின்னச் சின்ன முத்தாகத் தண்ணீர். மேலிருந்து எதுவும் விழவில்லை. பலகைக்கு மேல் நான் குனிந்து நின்றேன். என் கண் முன்னால், மரத்தின் ரேகைகளிலிருந்து ஒன்று, பக்கத்தில் ஒன்று, இன்னொன்று என்று துளி துளியாக எழும்பி வந்தது. நெற்றியில் வேர்க்குமே, அப்படி. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. செத்து எத்தனையோ காலமான மரம், வேரில்லை, இலையில்லை, அதற்கு ஏது தண்ணீர்? எங்கிருந்து குடித்தது? பயமும் ஆசையுமாக அதை விட்டு நகர மனசே வரவில்லை. பைபிளில் பாறையிலிருந்து தண்ணீர் வந்த கதையைப் பாஸ்டர் சொல்லும்போது நான் தூங்கிப்போவேன். அன்றைக்கு அது நிஜமாக இருக்கும் என்று நம்பினேன்.

நான் மெய்மறந்து நின்றேன், பந்தலில் வேறு கூத்து. பலகையை அடுப்பில் வைத்துப் பற்றவைத்தால் பட் பட்டென்று வெடித்துப் பொறி தெறித்தது. மஞ்சளாக ஒரு சுடர் எழும்பி, இருந்தாற்போல் படுத்தது. அப்புறம் புகை. அடேயப்பா! கரும்புகை தகரத்தில் மோதி, கீழே இறங்கி, பந்தலை அடைத்தது. பண்டாரி ஊதுகுழலால் ஊதினார், அவர் ஆள் ஊதினான், அப்பா மண்டியிட்டு ஊதினார். புகைதான் பெருத்தது.

அந்த நேரம் பார்த்துத் தாய்மாமன் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வந்தவர் இருமினார். இந்த முறை வேண்டுமென்று இருமவில்லை. நிஜமாகவே இருமினார், கண்ணில் தண்ணீர் வர இருமினார். யாரும் சிரிக்கவில்லை. அப்பா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் எழுதிக் காட்ட முடியாது.

அப்பா எழுந்து போய் மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். பண்டாரி பாய்ந்து கையைப் பிடித்தார்.

"வாணாம் மேஸ்திரி! சோறு பூரா வாசன ஏறிடும், ஒருத்தன் வாயில வெக்க மாட்டான்."

"அப்ப இன்னா பண்ணச் சொல்ற பாய்? அரிசி ஊறிப்போச்சு. சனம் வந்துடும். நீ தானே கன்னத்துல வெச்சி பாத்த? வெண்ணன்னு சொன்னியே!"

 பண்டாரி எரியாத பலகை ஒன்றைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் மேல் பூத்திருந்த துளிகளை விரலால் வழித்தார். கரண்டிக் குழம்பை ருசி பார்க்கிற பழக்கம் விடுமா? விரலை அப்படியே நாக்கில் வைத்துக்கொண்டார். 

"உப்பு கரெக்டா கீது மேஸ்திரி," என்றார்.

கிண்டல் இல்லை. ஆச்சரியப்பட்டுப்போய்த்தான் சொன்னார். அடுத்த வினாடி எல்லோருக்கும் விளங்கிவிட்டது. மழைநாளில் உப்பு ஜாடியைத் திறந்தால் உள்ளே தண்ணீர் கோத்திருக்குமே, நம் வீடுகளில் பார்க்காத உப்பா? தலைமுறை தலைமுறையாகத் தோல் உப்பைக் குடித்த மரம் அது. வெயில் காலத்தில் எலும்பு மாதிரி காய்ந்து கிடக்கும். காற்றில் ஈரம் ஏறினால் அத்தனையையும் இழுத்துக்கொண்டு வேர்க்கும். வருஷா வருஷம் சொட்டியது ஓடில்லை, விறகுதான். ஆயுசெல்லாம் உப்போடு புரண்ட அப்பாவுக்கு இது தோன்றவில்லை. நக்கித் தின்ற எங்களுக்கும் தோன்றவில்லை.

அப்பா அந்தப் பலகைகள் மேலேயே உட்கார்ந்துவிட்டார். புது வேட்டி நனைவதுகூடத் தெரியவில்லை. "இத்தினி வருசம்..." என்றார்.  ஜன்னலில் அக்கா நின்றிருந்தாள், பாதிப் பின்னல் பின்னிய தலையோடு. அவள் அழுதாள். கல்யாணத்துக்காக அழுகிற அழுகை இல்லை அது, அப்பாவைப் பார்த்து அழுதாள்.

அம்மாதான் முதலில் அசைந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "பட்டைக் களத்துல வேலங்கட்டை கெடக்குது, அத்த கொண்டாங்க," என்றாள்.

"அது ஒரு மாசமா மழையில நனையுதுடி!" என்றார் அப்பா.

"நனையட்டும். போன வருசம் நான் உரிச்ச கட்டை. ஒரு கோடை பூரா அம்மணமா வெயில்ல காஞ்சிது. மேலதான் தண்ணி, உள்ள இன்னா கீதுன்னு பொளந்து பாக்கலாம்."

"இன்னாடி நீ, அன்னிக்கி உன் புருசன் வாங்கினதுகூட இத்த விட காஞ்சிருந்துது," என்றார் தாய்மாமன்.

"நீ சும்மா இருண்ணா. வாய மூடினு போய் வண்டிய தள்ளு."

தாய்மாமன் நிஜமாகவே வாயை மூடிக்கொண்டு போனார். அதற்கு மேல் ஊறி ஒடியாமல் இருக்க, பண்டாரி அரிசியை வடித்துத் துணியில் பரப்பினார். முதலாளி வீட்டுக்குச் சொல்லியனுப்பி, சரி என்று பதில் வந்ததும், தோல் ஏற்றுகிற தள்ளுவண்டியில் கட்டைகள் வந்தன. ஒவ்வொன்றும் கருத்து, பாசி பிடித்து, தண்ணீர் சொட்டிக்கொண்டு. பார்த்ததும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. பிளக்க வரச்சொன்ன ஆட்கள் மழையில் வந்து சேரவில்லை. அப்பா கோடாலியைத் தூக்கினார். வெட்டு சறுக்கி, கட்டை உருண்டதே தவிர பிளக்கவில்லை.

பக்கத்து வீட்டில்தான் மாப்பிள்ளை வீட்டாரை இறக்கியிருந்தோம். புகையைப் பார்த்து, கூச்சலைக் கேட்டு மாப்பிள்ளை வந்தார். மூஞ்சியில் பாதி சவர சோப்பு. பனியன். அப்பாவின் கையிலிருந்து கோடாலியை மெதுவாக வாங்கிக்கொண்டார். அதற்குள் அவருடைய பெரியப்பா குறுக்கே வந்து நின்றார்.

"இன்னாடா இது அநியாயம்! கல்யாண மாப்பிள்ள கையில கோடாலியா? ஊர் இன்னா பேசும்?"

"பட்டாளத்துல பனியில நின்னு பொளக்காத கட்டையா பெரியப்பா? பசி வந்தா ஊர் பேசாது, நீங்களே பேசுவீங்க. தள்ளிக்கோங்க."

ஓங்கி ஒரு போடு போட்டார். கட்டை இரண்டாக விழுந்தது.

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். வெளியே தண்ணீர் சொட்டுகிற மரம். உள்ளே செக்கச் செவேலென்று, தூசி பறக்க, சொட்டு ஈரமில்லாமல்! மழை அதன் மேல் தோலுக்கு உள்ளே போகவே இல்லை. ஒரு மாசம் தண்ணீரில் கிடந்த கட்டைக்குள்ளே போன கோடை அப்படியே இருந்தது. பண்டாரி அந்தச் சிவந்த முகத்தைக் கன்னத்தில் ஒட்டினார். இந்த முறை அவசரப்படவில்லை. கன்னத்தில் வைத்தார், முகர்ந்தார், விரலை வைத்து நாக்கிலும் ருசி பார்த்தார். "பிஸ்மில்லா," என்று சொல்லி அடுப்பில் வைத்தார்.

தீ எழுந்தது. சத்தமில்லை, வெடிப்பில்லை, சீறலில்லை. தேக்சாவின் அடியை முழுக்க அணைத்துக்கொண்டு நீலமும் சிவப்புமாக நின்று எரிந்தது. மாப்பிள்ளை பிளக்கப் பிளக்க, தாய்மாமன் துணியால் மேல் ஈரத்தைத் துடைத்துக் கொடுக்க, அம்மா அடுப்போரம் சாய்த்துக் காயவைக்க, அப்பா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். வெங்காயம் சிவந்தது, கறி கொதித்தது, அரிசி விழுந்தது. அப்புறம் வேலங்கட்டைக் கங்குகளை வாரித் தேக்சா மூடி மேல் பரப்பினார்கள். மேலேயும் நெருப்பு, கீழேயும் நெருப்பு, உள்ளே யார் கையும் படாமல் அரிசி பூக்கிறது. தகரத்தில் மழை அடிக்கிறது. நான் எத்தனையோ ஊர் பார்த்துவிட்டேன், அதற்கு இணையாக ஒன்றைப் பார்த்ததில்லை.

சர்ச்சில் மோதிரம் போடும்போது மாப்பிள்ளையின் உள்ளங்கையில் கொப்புளம். அக்கா அதைத் தன் கட்டைவிரலால் ஒரு தரம் தடவினாள். பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன். பாஸ்டர் பார்த்தாரோ என்னவோ, கண்டுகொள்ளவில்லை.

பந்தி போட்டார்கள். மூடியைத் திறந்ததும் தெருவே திரும்பிப் பார்த்தது. சம்பா அரிசி ஒன்றோடொன்று ஒட்டாமல் நின்றது. தாய்மாமன் முதல் பந்தியில் நடுவில் உட்கார்ந்தார். அப்பா கையில் தயிர் வெங்காயத்தோடு அவர் எதிரிலேயே நின்றார், நகரவில்லை. மாமன் தொட்டுக்கொள்ள வைத்த கத்திரிக்காய்க் குழம்போடு பிசைந்து ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய் வைத்தார். லொக்கென்று இருமினார்.  அப்பாவின் கை நின்றுபோனது.

"கத்திரிக்கா காரம்யா!" என்றார் மாமன், தண்ணீரைக் குடித்துவிட்டு. "இன்னா மச்சான் அப்டி பாக்குற? இன்னும் ரெண்டு கரண்டி வையி."

அப்பா வைத்தார். அப்போதுதான் சிரித்தார். முழு முகமும் சிரித்தது. அதற்குப் பிறகு தாய்மாமன் எங்கள் வாசலில் இருமவே இல்லை.

அக்கா புறப்படும்போது சாமான்களை வண்டியில் ஏற்றினார்கள். அவள் ஏறாமல் பின்பக்கம் போய், எரியாமல் மிச்சமிருந்த பலகை ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அது எதுக்கும்மா? ஒதவாத மரம், எரியக்கூட எரியாது," என்றார் அப்பா.

"எனக்குன்னுதானப்பா சேத்து வெச்ச? எனக்கு வேணும்."

அப்பா அதை வாங்கி, துடைத்து, தானே வண்டியில் வைத்தார்.

கணியம்பாடி வீட்டில் அக்காவின் கணவர், எனக்கு மாமா, அதைச் சமையலறைச் சுவரில் அலமாரிப் பலகையாக அடித்துக் கொடுத்தார். அதன் மேல் அஞ்சறைப்பெட்டி, ஊறுகாய் ஜாடி. வேர்க்கடலை பிடுங்கிக் காயப்போடுகிற ஊர் அது. வானம் வெளுத்திருக்கும்போதே பலகை வேர்த்துவிடும் என்பதை அக்கா முதல் வருஷமே கண்டுபிடித்துவிட்டாள். கடலையை அள்ளு என்று அவள் சொன்னால் மாமா அள்ளுவார், சாயங்காலம் மழை வரும். அப்புறம் அக்கம்பக்கத்துப் பெண்கள் கடலை பரப்புவதற்கு முன்னால் வேலியோரம் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். "இன்னாம்மா, உங்கப்பா வேர்த்தாரா?" என்பார்கள். அந்தப் பலகைக்கு அப்படித்தான் பேர் விழுந்துவிட்டது. அப்பா அங்கே போகும்போதெல்லாம் இதைக் கேட்டுக் கூச்சப்பட்டுச் சிரிப்பார். ஊருக்குத் திரும்பியதும் எங்களிடம் ஒருமுறைக்கு நாலு முறை சொல்லுவார்.

அப்பா போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அம்மாவும் இல்லை, பண்டாரியும் இல்லை, தாய்மாமனும் இல்லை. அந்த உப்புக் கிடங்கு இருந்த இடத்தில் இப்போது என்னென்னவோ வந்துவிட்டது. போன ஐப்பசியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வெளியே சுள்ளென்று வெயில். நான் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா ஜாடியை எடுக்கக் கை நீட்டியவள் அப்படியே நின்றாள்.

"வா, பாரு," என்றாள்.

பலகையின் ரேகைகளில் துளி பூத்திருந்தது. "முன்ன மாதிரி இல்லடி, இப்பல்லாம் கம்மியாத்தான் வேர்க்குது," என்று சொல்லிக்கொண்டே ஒரு ஈரத் துணியை எடுத்தாள். அப்பாவின் முதுகைத் துடைக்கும்போது மேலிருந்து கீழே ஒரே வாக்கில் இழுப்பாளே, அதே கை. துடைத்து முடித்ததும் விரலால் ஒரு தரம் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பு கரெக்டா கீது," என்றாள். "ஓடு, கொடியில துணி காயுது, எடு."

நான் எடுக்க ஓடினேன்.